நிலத்துக்கு இறங்கிவந்த அரசு, பள்ளிக் கட்டணத்தில் அசையவில்லை: பிரிட்டனின் இரண்டு வரிகள்

2025 டிசம்பர் 23. கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள்தான் இருந்தது. நாடாளுமன்றம் விடுமுறையில் இருந்த அந்த நேரத்தில் பிரிட்டன் அரசு ஓர் அறிவிப்பை வெளியிட்டது. விவசாய நிலம் வாரிசுக்குப் போகும்போது முழு வரிவிலக்கு கிடைக்கும் வரம்பு 10 இலட்சம் பவுண்டிலிருந்து 25 இலட்சம் பவுண்டாக உயர்கிறது என்பதுதான் செய்தி. அந்த வரம்பில் மாற்றமில்லை என்று ஓராண்டுக்கும் மேலாகச் சொல்லிவந்த அரசு அது.

அதே அரசு, 2024இல் அந்த 10 இலட்ச வரம்பைக் கொண்டுவந்த அதே பட்ஜெட்டில், தனியார் பள்ளிக் கட்டணத்தின் மீது 20 சதவீத மதிப்புக் கூட்டு வரியையும் உறுதிசெய்திருந்தது. நீதிமன்றம் வரை இழுத்தும் அந்த வரியில் ஒரு சதவீதம்கூடக் குறையவில்லை.

இரண்டு வரிகளுக்கும் அரசு சொன்ன காரணம் ஒன்றுதான். வசதி படைத்தவர்கள் அனுபவித்துவந்த சலுகையை எடுத்து மருத்துவமனைகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் பணம் தேடுகிறோம் என்றார்கள். அப்படியானால் ஒன்று ஏன் நின்றது, இன்னொன்று ஏன் வளைந்தது? டிராக்டர்கள் லண்டன் தெருவை மறித்தன, பெற்றோர்கள் மறிக்கவில்லை என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். இந்த இரண்டு வரிகளும் விழுந்த வீடுகளை அருகிலிருந்து பார்த்தவன் நான். காரணம் தெருவில் இல்லை, வரிகள் வரையப்பட்ட விதத்திலேயே இருந்தது என்று நினைக்கிறேன்.

விதைக் கடை பில்லின் பின்பக்கம்

2024 ஜூலைத் தேர்தலில் லேபர் கட்சி பெரும் வெற்றி பெற்றது. அக்டோபர் 30 அன்று நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் தன் முதல் பட்ஜெட்டைப் படித்தார். முந்தைய அரசு 2,200 கோடி பவுண்டு பள்ளத்தை விட்டுப்போயிருக்கிறது என்று சொல்லி, ஆண்டுக்குச் சுமார் 4,000 கோடி பவுண்டு கூடுதல் வரி விதித்தார். அதில் பெரும்பகுதி, வேலைக்கு ஆள் வைப்பவர்கள் கட்டும் தேசியக் காப்பீட்டிலிருந்து வரவேண்டியது. விவசாய நில மாற்றத்தால் 2029–30இல் எதிர்பார்த்தது 52 கோடிதான். இவ்வளவு சிறிய தொகைக்கு இவ்வளவு பெரிய சண்டையா என்று அப்போதே பலர் கேட்டார்கள்.

பிரிட்டனில் ஒருவர் இறந்தால், 3,25,000 பவுண்டுக்கு மேலுள்ள சொத்துக்கு 40 சதவீதம் வாரிசுரிமை வரி. விவசாய நிலத்துக்கு மட்டும் தனிச் சலுகை உண்டு. அதன் வேர் 1925 வரை போகிறது. இப்போதைய வடிவம் 1984ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது. 1992 முதல், சொந்தமாக உழும் நிலத்துக்கு 100 சதவீத விலக்கு கிடைத்தது. 100 ஏக்கரோ 10,000 ஏக்கரோ, வரி பூஜ்யம். ரீவ்ஸ் இதைத்தான் மாற்றினார். 2026 ஏப்ரல் 6 முதல், விவசாயச் சொத்தும் தொழில் சொத்தும் சேர்ந்து முதல் 10 இலட்சம் பவுண்டுக்கு மட்டும் முழு விலக்கு, அதற்கு மேல் பாதி விலக்கு. அதாவது மேல்தொகைக்கு நடைமுறையில் 20 சதவீத வரி. பத்து ஆண்டு வட்டியில்லாத் தவணையும் உண்டு.

காகிதத்தில் பார்த்தால் இது தாராளமாகத்தான் தெரியும். மற்ற எல்லோரும் 40 கட்டும்போது இவர்களுக்கு 20, அதுவும் தவணையில்.

எங்கள் ஊருக்கு வெளியே நான் முட்டையும் உருளைக்கிழங்கும் வாங்கும் பண்ணை ஒன்று இருக்கிறது. சுமார் 400 ஏக்கர், கோதுமையும் கடுகெண்ணெய்ப் பயிரும். நிலம் 81 வயதுத் தந்தையின் பெயரில் இருக்கிறது, உழுவது மகன். தாய் சில ஆண்டுகளுக்கு முன் இறந்துவிட்டார். பட்ஜெட் முடிந்த வாரம் நான் போனபோது மகன் விதைக் கடை பில் ஒன்றைத் திருப்பிப்போட்டு, அதன் பின்பக்கத்தில் பென்சிலால் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். என்னையும் உட்காரச் சொன்னார். நான் கணக்கு வேலை பார்ப்பவன் என்று அவருக்குத் தெரியும்.

ஏக்கர் 10,000 பவுண்டு என்று வைத்தால் நிலம் மட்டும் 40 இலட்சம். முதல் 10 இலட்சத்துக்கு வரியில்லை. மீதி 30இல் பாதி, 15 இலட்சம், வரிக்கு வருகிறது. தந்தையின் சாதாரண விலக்கும் தாய் விட்டுப்போன விலக்கும் சேர்ந்து 6,50,000. அதைக் கழித்தால் 8,50,000. அதில் 40 சதவீதம் 3,40,000 பவுண்டு. பத்து ஆண்டுக்கு, ஆண்டுக்கு 34,000.

"சரி, இந்தப் பண்ணை ஆண்டுக்கு என்ன மிஞ்சுகிறது?" என்று கேட்டேன். நல்ல ஆண்டில் 45,000 என்றார். 2024 நல்ல ஆண்டு இல்லை. முந்தைய குளிர்காலம் முழுக்க மழை கொட்டி, இங்கிலாந்தில் பதிவான மிக மோசமான அறுவடைகளில் ஒன்றாக அது முடிந்திருந்தது. அந்த ஆண்டு எவ்வளவு என்று நான் கேட்கவில்லை.

பிரிட்டனில் விளைநிலம் அதன் விலைக்கு ஆண்டுக்கு ஒரு சதவீதம் வருமானம் தந்தாலே பெரிது. இந்த விவகாரத்தின் சிக்கலெல்லாம் அந்த ஒரு சதவீதத்தில்தான் இருக்கிறது. நிலத்தின் விலை வேறு எங்கோ தீர்மானமாகிறது, நிலத்தின் விளைச்சல் வேறு எங்கோ. தஞ்சைப் பக்கம் பிறந்தவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. என் தாத்தாவுக்கு ஒரு வேலி நஞ்சை இருந்தது. அறுவடைக்கு முன் மளிகைக் கடையில் கடன் இல்லாத ஆண்டை எங்கள் வீடு கண்டதில்லை.

உயிரோடு இருக்கும்போதே மகனுக்கு எழுதிக்கொடுத்துவிடலாமே என்று கேட்கலாம். கொடுக்கலாம். கொடுத்த பின் ஏழு ஆண்டு உயிரோடிருந்தால் வரி கிடையாது. ஆனால் கொடுத்த சொத்திலிருந்து தந்தை எந்தப் பலனும் பெறக்கூடாது. அதே பண்ணை வீட்டில் இருக்கவேண்டுமானால் சந்தை வாடகை கட்டவேண்டும். 81 வயதில் ஏழு ஆண்டுக் கெடு என்பது என்ன கணக்கு? முப்பது ஆண்டுகளாக, கடைசிவரை வைத்திருங்கள், அதுதான் இலாபம் என்று சட்டமே சொல்லிக்கொடுத்தது. அதைக் கேட்டு நடந்த முதியவர்களைத்தான் மாற்றம் முதலில் பிடித்தது. 2026 ஏப்ரலுக்கு முன்பு இறந்தால் பிள்ளைகளுக்கு வரி இல்லை, பின்பு இறந்தால் உண்டு என்ற நிலையை ஒரு முதியவர் முன் வைப்பது கொடுமை. விவசாயிகள் சங்கத்தின் தலைவர் டாம் பிராட்ஷா இதை நாடாளுமன்றக் குழுவின் முன்பே எச்சரித்தார். இந்தத் தலைமுறைக்கு மட்டும் ஒரு மாற்றுக்கால ஏற்பாடு செய்திருக்கலாம். பணமும் பெரிதாகப் போயிருக்காது. ஏன் செய்யவில்லை என்பதற்கு நியாயமான பதில் எதையும் நான் கேட்கவில்லை.

இரண்டு எண்களும் சரிதான்

நவம்பர் 19 அன்று லண்டன் வைட்ஹாலில் 10,000 பேருக்கு மேல் திரண்டார்கள். நாடாளுமன்றச் சதுக்கத்தைச் சுற்றிச் சிறு குழந்தைகள் பொம்மை டிராக்டர்களை மிதித்துச் சென்ற காட்சியை எல்லாத் தொலைக்காட்சியும் காட்டியது. அடுத்த மாதம் நிஜ டிராக்டர்கள் வந்தன. எதிர்ப்பாளர்கள் வைத்த பெயர் 'குடும்பப் பண்ணை வரி'. அரசுக்கு இதற்கு இணையான பெயர் ஒன்று கடைசிவரை கிடைக்கவில்லை.

வாதம் முழுக்க எண்களில் சிக்கிக்கொண்டது. ஆண்டுக்குச் சுமார் 500 பண்ணைகள்தான் பாதிக்கப்படும் என்றது நிதித்துறை. 70,000 பண்ணைகள் என்றது நில உடைமையாளர் சங்கம். இரண்டில் ஒன்று பொய்யாக இருக்கவேண்டும் என்று மக்கள் நினைத்தார்கள். இரண்டும் பொய் இல்லை. நிதித்துறை, ஓர் ஆண்டில் இறப்பவர்களின் சொத்துகளை எண்ணியது. சங்கம், இன்று இருக்கும் பண்ணைகளில் எத்தனை 10 இலட்சத்தைத் தாண்டும் என்று எண்ணியது. ஒரு தலைமுறைக்குள் ஒவ்வொரு பண்ணையும் ஒருமுறையாவது கைமாறும். ஆண்டுக்கு 500 என்பது முப்பது ஆண்டில் 15,000. எஞ்சிய வித்தியாசம், எதைப் பண்ணை என்று எண்ணுகிறோம் என்பதில் வருகிறது. விலக்குக் கோரியவர்களில் நான்கில் மூன்று பேர் 10 இலட்சத்துக்குள் இருந்தார்கள் என்று அரசு காட்டிய கணக்கில், ஒரு துண்டு நிலத்தை வாடகைக்கு விட்டு வைத்திருந்தவர்களும் அடக்கம். அதே சமயம், இயந்திரத்துக்கும் கால்நடைக்கும் தொழில் சொத்து என்ற வேறு தலைப்பில் விலக்குக் கோரியது அந்த முதல் கணக்கில் சேரவில்லை.

தம்பதியாக இருந்தால் 30 இலட்சம் வரை வரி இல்லை என்று அமைச்சர்கள் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். இதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கவேண்டும். அந்த 30இல் வீட்டுக்கான கூடுதல் விலக்கு, ஆளுக்கு 1,75,000, சேர்ந்திருக்கிறது. ஆனால் ஒருவரின் மொத்தச் சொத்து 20 இலட்சத்தைத் தாண்டினால் அந்த விலக்கு படிப்படியாகக் கரைந்துவிடும். நிலம் முழுக்க ஒருவர் பெயரில் இருந்தால் 30 இலட்சம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அப்போதைய விதிப்படி, கணவனும் மனைவியும் முன்கூட்டியே சரிபாதியாகப் பிரித்து வைத்திருந்தால்தான் அது கிடைக்கும். என் பண்ணைக்காரரின் தாயார் ஏற்கெனவே இறந்துவிட்டார். பிரிப்பதற்கு ஆள் இல்லை.

அரசின் பக்கமும் ஒரு பலமான உண்மை இருந்தது. 2021–22இல் இந்த விலக்கின் மொத்த மதிப்பில் 40 சதவீதம், 21.9 கோடி பவுண்டு, மேல்தட்டில் இருந்த 7 சதவீதச் சொத்துகளுக்குப் போனது. வெறும் 37 சொத்துகளுக்கு மட்டும் 11.9 கோடி. இதை வீணாகப் போன பணம் என்று சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை. மரண வரியைத் தவிர்க்க நிலம் வாங்குங்கள் என்று செல்வந்தர்களுக்கு ஆலோசகர்கள் சொல்வது ஊரறிந்த செய்தி. தொலைக்காட்சிப் பிரபலம் ஜெரிமி கிளார்க்சன் அந்தக் காரணத்தைப் பேட்டியிலேயே சொன்னவர். பிறகு அவரும் நவம்பர் ஊர்வலத்தில் நின்றார். சுமார் 36,000 ஏக்கர் வைத்திருக்கும் தொழிலதிபர் ஜேம்ஸ் டைசனும் இந்த வரியைக் கடுமையாக எதிர்த்தார். வரிக்காக நிலம் தேடி வருபவர்கள் விலையை ஏற்றிவிடுகிறார்கள். அந்த விலையில் புதிதாக விவசாயத்துக்கு வர நினைக்கும் இளைஞன் பத்து ஏக்கர்கூட வாங்க முடியாது. ஆகவே சலுகையைக் குறைக்கவேண்டும் என்ற முடிவு சரி என்றே நான் சொல்வேன்.

தவறு நடந்தது கோடு போட்ட இடத்தில். 10 இலட்சம் என்ற கோடு, நிலத்தைப் பணப்பெட்டியாக வைத்திருந்தவரையும் அதில் உழுது பிழைப்பவரையும் ஒரே பக்கத்தில் நிறுத்தியது. 5,000 ஏக்கர்காரருக்கு 20 சதவீதம், 40 கட்டும் மற்ற சொத்தைவிட, இன்னமும் இலாபம். அவருக்குப் பங்குச் சந்தையிலிருந்து தவணையை எடுத்துக் கட்ட முடியும். 400 ஏக்கர்காரர் தவணைக்கு நிலத்தையே விற்கவேண்டும். அதாவது யாரைக் குறிவைத்தார்களோ அவருக்கு வலி குறைவு, குறியில் இல்லாதவருக்கு வலி அதிகம். வரம்பை உயர்த்தி, மேல்தட்டில் விலக்கை இன்னும் இறுக்கினால் இதே தொகையோ கூடுதலோ கிடைக்கும் என்று வரி ஆய்வாளர்களே மாற்றுத் திட்டம் போட்டுக் கொடுத்தார்கள். அரசு கடைசியில் பாதியை எடுத்துக்கொண்டது. வரம்பை உயர்த்தியது. மேல்தட்டை இறுக்கவில்லை.

பள்ளிக் கட்டணம்

இந்தப் பக்கம் கதை வேறு. 1973இல் மதிப்புக் கூட்டு வரி வந்த நாளிலிருந்து பிரிட்டனில் கல்விக்கு அது கிடையாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் வரி விதிகளும் கல்விக்கு விலக்கை வலியுறுத்தின. 2015இல் கிரீஸ் தனியார் கல்விக்கு 23 சதவீதம் விதித்து, சில மாதங்களில் கைவிட்டது. ஒன்றியத்தை விட்டு வெளியேறியதால்தான் பிரிட்டனால் இதைத் தயக்கமின்றிச் செய்ய முடிந்தது.

2025 ஜனவரி 1 முதல் 20 சதவீதம் அமலுக்கு வந்தது. 2024 ஜூலை 29 முதல் முன்பணமாகக் கட்டியதற்கும் சேர்த்து. அந்த ஏப்ரலில், அறக்கட்டளைப் பள்ளிகள் கட்டட வரியில் பெற்றுவந்த 80 சதவீதத் தள்ளுபடியும் போனது. இரண்டும் சேர்ந்து 2029–30இல் ஆண்டுக்கு 180 கோடி பவுண்டு வரும் என்பது எதிர்பார்ப்பு. அரசுப் பள்ளிகளுக்கு 6,500 புதிய ஆசிரியர்கள் என்பது வாக்குறுதி.

பிரிட்டனில் தனியார் பள்ளியில் படிப்பவர்கள் நூற்றுக்கு ஆறேழு பேர்தான். வரிக்கு முன்பே, வீட்டிலிருந்து போய்வரும் பிள்ளைக்குச் சராசரிக் கட்டணம் ஆண்டுக்குச் சுமார் 18,000 பவுண்டு. பள்ளிகள் தாங்கள் வாங்கும் பொருளுக்குக் கட்டிய வரியைத் திரும்பப் பெறலாம், ஆகவே கட்டணம் சராசரியாகப் பத்து சதவீதம்தான் ஏறும் என்று அரசு கணித்தது. ஓராண்டுக்குள் 22.6 சதவீதம் ஏறியதாகப் பள்ளிகளின் கூட்டமைப்பு சொன்னது. வழக்கமான ஆண்டு உயர்வும் அதில் உண்டு. இருந்தாலும் இந்தக் கணிப்பில் அரசு தவறியது கண்கூடு. பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வெளியேறுவார்கள் என்ற எதிர்த்தரப்பின் கணிப்பும் பலிக்கவில்லை. இங்கிலாந்தில் ஓராண்டில் சுமார் 11,000 பேர், இரண்டு சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு, குறைந்தார்கள். பிறப்பு விகிதம் சரிந்துவருவதால் அரசுப் பள்ளிகளில் பல இடங்களில் இருக்கைகள் காலியாகவே இருந்தன.

பொதுவாக இந்த வரி நியாயம் என்பதே என் முடிவு. ஆனால் நான் மறக்கமுடியாத ஒரு வீடு இருக்கிறது. எங்கள் தெருவில் யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்று. கணவருக்குக் கிடங்கில் இரவு வேலை, மனைவி முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளர். மகனுக்கு எழுத்துகள் பிடிபடாது. அரசுப் பள்ளியில் முப்பது பிள்ளைகளுக்கு நடுவில் ஒடுங்கிப்போயிருந்தவனைப் பதினைந்து பேர் இருக்கும் ஒரு சிறிய தனியார் பள்ளியில் சேர்த்தார்கள். வகுப்பில் கை தூக்க ஆரம்பித்தான். அக்டோபரில் பள்ளியிலிருந்து கடிதம் வந்தது, ஜனவரி முதல் கட்டணத்தோடு வரியும் என்று.

"அண்ணை, நாங்கள் காரும் மாத்தேல்லை, ஊருக்கும் போகேல்லை. எங்களையும் பணக்காரர் எண்டு எழுதிப்போட்டினம்" என்றார் அந்தத் தாய். கோபமாகச் சொல்லவில்லை. கடிதத்தை நான்காக மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, தேநீர் போடப் போய்விட்டார்.

சிறப்புத் தேவையுள்ள பிள்ளைக்கு உள்ளூராட்சி மன்றம் ஒரு சட்டப்பூர்வத் திட்ட ஆவணம் கொடுத்து, அதில் தனியார் பள்ளியின் பெயரை எழுதினால், கட்டணத்தை மன்றமே கட்டும், வரியையும் திரும்பப் பெற்றுக்கொள்ளும். இதைத்தான் அரசு பாதுகாப்பு என்று காட்டியது. தனியார் பள்ளிகளில் சிறப்புத் தேவையோடு படிக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோரிடம் அந்த ஆவணம் கிடையாது. விண்ணப்பித்தால் 20 வாரத்தில் முடிவு சொல்லவேண்டும் என்பது சட்டம். அந்தக் கெடுவுக்குள் கிடைப்பது பாதிப் பேருக்குக்கூட இல்லை. கல்வியாண்டின் நடுவில், ஜனவரியில் தொடங்காமல் செப்டம்பரில் தொடங்கியிருந்தால் அந்தப் பையன் ஆண்டை முடித்துவிட்டாவது அரசுப் பள்ளிக்கு வந்திருப்பான்.

2025 ஜூன் 13 அன்று உயர்நீதிமன்றம் இது தொடர்பான வழக்குகளைத் தள்ளுபடி செய்தது. சில பிள்ளைகளுக்குப் பாதிப்பு உண்டு என்பதை நீதிபதிகள் மறுக்கவில்லை. ஆனால் இப்படிப்பட்ட வரிக் கொள்கையைத் தீர்மானிப்பது நாடாளுமன்றத்தின் வேலை என்று சொல்லிவிட்டார்கள்.

ஏன் ஒன்று நின்றது

பள்ளிக் கட்டண வரி லேபர் கட்சியின் தேர்தல் அறிக்கையிலேயே இருந்தது. பல ஆண்டுகளாகப் பேசப்பட்டது. வாக்களித்தவர்களுக்குத் தெரியும், எதிர்த்து வாக்களித்தவர்களுக்கும் தெரியும். நில வரி அந்த அறிக்கையில் இல்லை. அதைவிட மோசம், எதிர்க்கட்சியாக இருந்தபோது விவசாயத்துறைப் பொறுப்பில் இருந்த ஸ்டீவ் ரீட், அந்த விலக்கை மாற்றும் எண்ணம் இல்லை என்று 2023இல் விவசாயிகளிடம் சொல்லியிருந்தார். அந்தச் சொல்லை நம்பிக் கிராமத்துத் தொகுதிகளில் லேபர் வேட்பாளர்கள் கதவு கதவாகத் தட்டினார்கள். அவர்களால் பிறகு அதே கதவுகளுக்கு முன் நிற்க முடியவில்லை.

2025 டிசம்பர் 2 அன்று நடந்த வாக்கெடுப்பில் கம்ப்ரியாவின் பென்ரித் – சோல்வே தொகுதி எம்.பி. மார்கஸ் கேம்ப்பெல்-சேவர்ஸ் தன் சொந்த அரசுக்கு எதிராக வாக்களித்தார். விவசாயிகளுக்குத் தேர்தலில் கொடுத்த வாக்கை மீறமாட்டேன் என்பது அவர் நிலை. கட்சி அவரைத் தன் எம்.பி.க்கள் குழுவிலிருந்து இடைநீக்கம் செய்தது. இன்னும் பல கிராமத்து எம்.பி.க்கள் வாக்களிக்காமல் ஒதுங்கினார்கள். மூன்று வாரத்தில் வரம்பு உயர்ந்தது. வைட்ஹாலில் டிராக்டர்கள் ஓராண்டு சுற்றி வந்தும் அசையாத அரசு, தன் வரிசைகளிலேயே வாக்கு குறைந்தபோது அசைந்தது.

தனியார் பள்ளிப் பெற்றோருக்கு அப்படி ஒரு வரிசை நாடாளுமன்றத்தில் கிடையாது. அவர்கள் நாடு முழுக்கச் சிதறிக் கிடக்கிறார்கள். யாரும் வாக்குத் தவறவில்லை என்பதால் லேபர் எம்.பி. யாருக்கும் உறுத்தலும் இல்லை. கன்சர்வேட்டிவ் கட்சித் தலைவர் கெமி பேடனாக் இரண்டையும் திரும்பப் பெறுவோம் என்றார், ஆனால் அவரிடம் எண்ணிக்கை இல்லை.

இந்தியாவிலும் 1953இல் பிரிட்டிஷ் முன்மாதிரியைப் பின்பற்றி மரணச் சொத்து வரி கொண்டுவரப்பட்டது. 1985இல் வி.பி. சிங் அதை எடுத்தபோது சொன்ன காரணம், வசூல் சுமார் 20 கோடி ரூபாய், அதை வசூலிக்கும் செலவு அதற்குத் தகாது என்பது. கோட்டை எங்கே போடுவது என்ற கேள்வியைச் சந்திக்காமலே நம் நாடு அந்த வரியை விட்டுவிட்டது. பிரிட்டன் விடவில்லை. தவறான இடத்தில் போட்ட கோட்டைத் தள்ளிப்போட்டிருக்கிறது. 2026–27இல் விவசாய விலக்குக் கோரும் சொத்துகளில் கூடுதல் வரி கட்டவேண்டியவை 375இலிருந்து 185ஆகக் குறையும் என்பது அரசின் புதிய கணக்கு.

ஜனவரியில் முட்டை வாங்கப் போனபோது மகன் பழைய பில்லைத் தேடி எடுத்தார். துணைவர் முன்பே இறந்திருந்தாலும் அவருடைய வரம்பு இருப்பவருக்குச் சேரும் என்று நவம்பர் பட்ஜெட்டில் மாற்றியிருந்தார்கள். ஆகவே 25 இரண்டாகி 50 இலட்சம். பண்ணை 40. பென்சிலால் எழுதிய 3,40,000ஐ அடித்துவிட்டு, அதன் கீழே பூஜ்யம் போட்டார். தந்தை அடுப்புக்கு அருகில் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் தெருப் பையன் ஈஸ்டருக்குப் பிறகு அரசுப் பள்ளிக்கு மாறியவன். திட்ட ஆவணத்துக்கு விண்ணப்பம் போட்டு 20 வாரம் எப்போதோ கடந்துவிட்டது. வழியில் பார்க்கும்போதெல்லாம், கடிதம் வந்ததா என்று கேட்கிறேன். "இன்னும் இல்லை அண்ணை" என்கிறார் அவன் தாய்.